செட்டிநாட்டுக்கு வேண்டும் ஒரு நிலத்தடி வரைபடம்

காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு வழியெங்கும் ஒரே மாதிரியான நிலம்தான் தெரியும். செம்மண், முந்திரித் தோப்பு, தைலமரக் காடு, இடையிடையே வறண்ட கண்மாய்கள். குன்றக்குடியை நெருங்கும்போது திடீரென்று ஒரு பாறைக் குன்று எழுந்து நிற்கும். சற்றுத் தள்ளி, பாறையைக் குடைந்து செய்த கற்பக விநாயகர் கோயில். வடக்கே திருமயம் கோட்டை நிற்பதும் பாறை மேல்தான். வெளியே தலைகாட்டும் இந்தப் பாறை இந்த இடங்களோடு முடிந்துவிடுவதில்லை. மண்ணுக்கு அடியில் அது கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்குகிறது. அதன் மேல் மணற்கல்லும் களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே போர்வையாகச் செம்புறாங்கல். மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கம் பாறை நிலம். கிழக்கே காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படிவு நிலம். செட்டிநாடு இந்த இரண்டு நிலங்களின் மேல் அமர்ந்திருக்கிறது.

இந்த இரண்டும் தண்ணீரை வைத்துக்கொள்ளும் விதம் முற்றிலும் வேறு. சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளுக்குத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை கிடையாது. மேலே சிதைந்து பொடிந்த சில மீட்டர் அடுக்கிலும், கீழே ஓடும் விரிசல்களிலும்தான் நீர் இருக்கும். விரிசலில் பட்டால் கிணறு. படாவிட்டால் வெறும் துளை. படிவு நிலத்திலோ மணற்கல்லின் துகள்களுக்கு இடையே நீர் பரவி நிற்கிறது. களிமண் அடுக்குகள் அதை மேலும் கீழும் மூடி வைத்திருக்கின்றன. எந்த ஊரில் பாறை எத்தனை அடியில் இருக்கிறது, மணற்கல் எங்கே தடித்திருக்கிறது, களிமண் எங்கே குறுக்கிடுகிறது என்பது தெரிந்தால், எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக்கூடாது, எங்கே மழைநீரை உள்ளே இறக்கலாம் என்று சொல்லிவிட முடியும்.

மாவட்ட அளவிலான நிலவியல் வரைபடங்கள் நம்மிடம் உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டமும் தமிழ்நாட்டை உள்ளடக்கியதுதான். ஆனால் ஒரு கிராமத்தின் விவசாயி, ‘என் காட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் பதில் சொல்லும் நுணுக்கம் அந்த வரைபடங்களில் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோண்டிய ஆய்வுக் கிணறுகளை வைத்து, நடுவில் உள்ள நிலத்தை ஊகித்து வரைந்தவை அவை. அந்த இடைவெளியை நிரப்பும் வழி இன்று இருக்கிறது. ஹெலிகாப்டரில் கருவியைத் தொங்கவிட்டுப் பறந்து, நிலத்தின் மின்தடையை ஆழம் ஆழமாக அளக்கும் வான்வழி மின்காந்த ஆய்வு அது. செட்டிநாட்டின் மேல் அந்த ஹெலிகாப்டர் பறக்க வேண்டும். அது தரும் வரைபடம் ஊர்மக்கள் கையில் சேர வேண்டும். இந்தக் கட்டுரையின் கோரிக்கை இதுதான்.

போர் போடும் சூதாட்டம்

இன்று செட்டிநாட்டில் ஒரு போர் எப்படிப் போடப்படுகிறது? முதலில் நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். தேங்காயோ வேப்பங்குச்சியோ வளைந்த கம்பியோ அவர் கையில் இருக்கும். வசதி உள்ளவர்கள் மீட்டர் வைத்துப் பார்க்கும் நிலவியலாளரை அழைக்கிறார்கள். நான்கு கம்பிகளைத் தரையில் நட்டு, மின்சாரம் செலுத்தி, மின்தடையை அளக்கும் அந்த முறை அறிவியல் சார்ந்தது. பிரான்சின் கான்ராட் ஷ்லம்பர்கர் 1912-இல் சோதித்துப் பார்த்த வழி அது. ஆனால் அது ஒரு புள்ளியைப் பற்றித்தான் சொல்லும். பக்கத்து வயலுக்கு மறுபடியும் கம்பி நட வேண்டும்.

அதன் பிறகு ரிக் வண்டி வரும். பெரும்பாலும் அது திருச்செங்கோட்டு வண்டியாக இருக்கும். அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. இருநூறு அடியில் நிறுத்தலாமா, இன்னும் நூறு அடி போகலாமா என்று வீட்டுக்காரர் அங்கேயே, அந்த இரைச்சலில், கடன் வாங்கிய பணத்தை மனத்தில் எண்ணிக்கொண்டே முடிவெடுக்க வேண்டும். தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம். புகை மட்டும் வந்தால் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். கடன் இங்கேயே தங்கிவிடும். நகையை அடகு வைத்துப் போர் போட்டு, அது பொய்த்து, பிறகு இரண்டாவது போருக்காக நிலத்தில் ஒரு பகுதியை விற்ற குடும்பங்கள் தென்மாவட்டங்களில் எந்த ஊரில் இல்லை?

பணம் போனதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் இருக்கிறது. ஒவ்வொரு போரும் நிலத்தடியைப் பற்றிய ஒரு சாட்சியம். எத்தனை அடியில் செம்புறாங்கல் முடிந்தது, எங்கே களிமண் வந்தது, எப்போது கருங்கல் தட்டியது என்று ரிக் வண்டிக்காரருக்குத் தெரியும். அதை எழுதி வைத்து, ஓரிடத்தில் சேர்த்திருந்தால் இன்று நம்மிடம் பல்லாயிரம் புள்ளிகள் இருந்திருக்கும். கம்ப்ரசர் காற்றில் மேலே வந்த அந்த மண் மாதிரிகள் அங்கேயே குவிந்து மழையில் கரைந்துவிட்டன. பொய்த்த போர்களின் கணக்கும் எங்கும் இல்லை. இத்தனை துளை போட்ட பிறகும் நமக்குக் கீழே இருக்கும் நிலம் நமக்குத் தெரியாத நிலமாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

வானிலிருந்து மண்ணைப் படிப்பது எப்படி?

இந்த முறையின் வேர் மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். மாறுகிற காந்தப்புலம், அருகில் உள்ள கடத்தியில் மின்சாரத்தைத் தூண்டும். நிலமும் ஒரு கடத்திதான்; சில இடங்களில் நல்ல கடத்தி, சில இடங்களில் மோசமான கடத்தி.

ஹெலிகாப்டருக்குக் கீழே, கயிற்றில் தொங்கும் ஒரு பெரிய சட்டம். அதன் சுற்றளவில் ஓடும் கம்பிச் சுருளில் வலுவான மின்சாரம் செலுத்தப்படுகிறது. சட்டம் தரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில், மணிக்கு எண்பது நூறு கி.மீ. வேகத்தில் நகரும். நொடியின் மிகச் சிறு பகுதியில் அந்த மின்சாரம் சட்டென்று நிறுத்தப்படும். காந்தப்புலம் அந்தக் கணத்தில் சரிய, அதன் விளைவாக நிலத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கும். ஊருணியில் கல்லெறிந்தால் அலைவளையம் விரிவதுபோல அவை விரியும். ஆனால் இந்த வளையம் விரிந்துகொண்டே கீழ்நோக்கியும் இறங்கும். இறங்க இறங்க வலுவிழக்கும். அந்தத் தேய்வைச் சட்டத்தில் உள்ள ஏற்புச் சுருள் அளந்துகொண்டே இருக்கும். மைக்ரோ நொடிகளில் வரும் முதல் சமிக்ஞை மேல் அடுக்கைப் பற்றிப் பேசும். மில்லி நொடிகளில் வரும் கடைசிச் சமிக்ஞை ஆழத்தைப் பற்றிப் பேசும். நிலத்தின் தன்மையைப் பொறுத்து இருநூறு முந்நூறு மீட்டர் ஆழம்வரை இப்படிப் படிக்க முடியும். இணைகோடுகளாகப் பறந்து முடித்ததும், கணினி அந்த அளவுகளை நிலத்தின் குறுக்குவெட்டுப் படங்களாக மாற்றித் தரும்.

மின்தடையின் அலகு ஓம்-மீட்டர். உப்புநீர் ஊறிய மணலில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்கும். களிமண்ணில் பெரும்பாலும் இருபதுக்குள். நன்னீர் நிறைந்த மணற்கல்லில் சில பத்துகளிலிருந்து நூறு வரையும் அதற்கு மேலும். விரிசல் இல்லாத கருங்கல்லில் ஆயிரக்கணக்கில். இந்த வேறுபாடுதான் வரைபடத்தின் மொழி. பாறையும் படிவும் சந்திக்கும் செட்டிநாடு போன்ற நிலத்தில் இந்த வேறுபாடு கூர்மையாக இருக்கும் என்பதால், அடிப்பாறை எங்கே எந்த ஆழத்தில் இறங்குகிறது என்பதைத் தடம் பிடிக்க இம்முறை மிகவும் ஏற்றது.

கனடா உள்ளிட்ட நாடுகளில் உலோகத் தாதுக்களைத் தேட இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்தது இந்தத் தொழில்நுட்பம். தண்ணீருக்காக அதைக் கூர்தீட்டியது டென்மார்க். குடிநீருக்கு முழுக்க முழுக்க நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் அந்த நாடு, 1999-இல் தேசிய அளவில் நிலத்தடி வரைபடப் பணியைத் தொடங்கியது. அந்தத் தேவையிலிருந்து ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான் ஸ்கைடெம் என்ற ஹெலிகாப்டர் கருவி. மேலடுக்குக்கு ஒரு சிறு துடிப்பு, ஆழத்துக்கு ஒரு பெரிய துடிப்பு என்று மாறிமாறி அனுப்புவது அதன் சிறப்பு.

வெள்ளாற்றில் பறந்தது, வைகையில் பறக்கவில்லை

இந்தக் கருவி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2010-களின் தொடக்கத்தில், உலக வங்கி உதவியுடனான நீரியல் திட்டத்தின் கீழ், மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஆறு இடங்களில் முன்னோடி ஆய்வு நடத்தின. பாட்னாவின் ஆற்று வண்டல், ராஜஸ்தானில் தவுசாவும் ஜெய்சால்மர் பாலைவனமும், நாக்பூர் அருகே சந்திரபாகா ஆற்றுப்படுகை, கர்நாடகத்தில் துமகூருவின் கடினப் பாறை நிலம் ஆகியவற்றோடு, ஆறாவது இடமாகக் கடலூர் மாவட்டத்தின் கீழ் வெள்ளாற்றுப் படுகை. நாட்டின் வெவ்வேறு நில வகைகளில் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதே நோக்கம்.

செட்டிநாட்டுக்கு அந்தக் கடலூர்ப் பாடம் முக்கியமானது. கடலூர் பெயரையே தாங்கி நிற்கும் ஒரு பாறை அடுக்கு உண்டு. நிலவியலாளர்கள் அதைக் கடலூர் மணற்கல் என்கிறார்கள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடக்கும் படிவுத் தொகுதியோடு சேர்ந்தது அது. அங்கே சுரங்கத்தின் அடித்தளத்தைக் கீழிருந்து முட்டும் நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த மணற்கல் கடலூரோடு நிற்கவில்லை. புதுக்கோட்டை வழியாகத் தெற்கே நீண்டு காரைக்குடிப் பகுதியிலும் செம்புறாங்கல் போர்த்திக் கிடக்கிறது. கடலூரில் எந்த வகை நிலத்தைப் படிக்க ஹெலிகாப்டர் போனதோ, அதே வகை நிலம்தான் இங்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் வருத்தம் தருகிறது. 2020 டிசம்பரில் வாரியமும் ஆராய்ச்சி நிறுவனமும் ஒப்பந்தம் செய்து, 2021 அக்டோபரில் ஜோத்பூரில் அடுத்த கட்டத்தைத் தொடங்கின. முதல் கட்டமாக ராஜஸ்தான், குஜராத், ஹரியாணா மாநிலங்களில் சுமார் 1 லட்சம் சதுர கி.மீ.; மதிப்பீடு 54 கோடி ரூபாய். வறண்ட வடமேற்குக்கு முன்னுரிமை தந்ததில் தவறில்லை. அங்கே தேவை பெரியது. பிரயாக்ராஜ் அருகே கங்கைக்கும் யமுனைக்கும் இடையே மண்ணுக்குள் புதைந்துபோன ஒரு பழைய ஆற்றுத் தடத்தை இதே முறையில் கண்டறிந்து, 2021-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அதுவும் பெருமைக்குரியதே. நிலத்தடி நீர் மேலாண்மைக்கென 6,000 கோடி ரூபாயில் வந்த ‘அடல் பூஜல்’ திட்டமும் ஏழு மாநிலங்களுக்கு மட்டுமே. அதில் தமிழ்நாடு இல்லை. கடலூரில் முன்னோட்டம் பார்த்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் அடுத்த அடியை எடுத்து வைக்க இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது?

ஏன் செட்டிநாடு?

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. தேனாறு, மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாம் மழைக்கால ஆறுகள். வைகை மாவட்டத்தின் தெற்கு ஓரமாகப் போய்விடுகிறது. எனவே நிலத்தடி நீர்தான் இங்கே வாழ்வாதாரம். சம்பை ஊற்றுப் பகுதியின் நீரைக் காரைக்குடிக்காரர்கள் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். நகரத்தின் குடிநீருக்கு அந்தப் பகுதியின் கிணறுகள்தான் நெடுங்காலமாகத் துணை நின்றிருக்கின்றன. அந்த நீர் எங்கே விழுந்த மழை, எந்த அடுக்கு வழியாக அங்கே வந்து சேர்கிறது, அதன் மேல் என்ன கட்டினால் அது நின்றுபோகும் என்ற கேள்விகளுக்கு நகரத்திடம் ஒரு வரைபடம் இருக்க வேண்டாமா?

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆகியிருக்கிறது. சுற்றுக் கிராமங்கள் நகரோடு சேர்கின்றன. மனைகள் பிரிகின்றன. செம்மண் மேட்டு நிலங்களில் தார்ச்சாலையும் காங்கிரீட்டும் ஏறுகின்றன. மழைநீர் இறங்கும் இடம் எது என்று தெரியாமலே அதன் மேல் வீடு கட்டுகிறோம். நகரமைப்புத் திட்டம் வரையும் மேசையில் நிலத்தடி வரைபடமும் விரிந்திருக்க வேண்டிய காலம் இது. ஒரு முறை கட்டிடம் எழுந்துவிட்டால் அந்த இடத்தில் நீர் இறங்காது. பறந்து அளக்கவும் முடியாது.

இன்னொரு காரணம் உப்பு. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போகப் படிவு அடுக்குகளில் உப்புநீர் இருப்பது திருவாடானை, ராமநாதபுரம் மக்கள் நன்றாக அறிந்த உண்மை. நன்னீர் அடுக்கிலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால், பக்கவாட்டிலும் கீழிருந்தும் உப்புநீர் நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையிலான எல்லை இன்று எங்கே இருக்கிறது என்று பதிவுசெய்து வைத்தால்தான், பத்து ஆண்டு கழித்து அது எவ்வளவு நகர்ந்தது என்று சொல்ல முடியும்.

கருவி சொல்லாதவை

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த ஆய்வால் ஆகாதவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் தண்ணீரைப் பார்ப்பதில்லை, மின்தடையைத்தான் பார்க்கிறது. உப்புநீர் ஊறிய மணலும் ஈரக் களிமண்ணும் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியக்கூடும். சிவகங்கைக்கு இதில் தனியான ஒரு சிக்கலும் உண்டு. சிவகங்கை அருகே புதுப்பட்டி, குமாரிப்பட்டி, செந்தி உடையநாதபுரம் பகுதிகளில் கிராஃபைட் கிடைக்கிறது. அரசின் தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே சுரங்கம் வைத்து எடுக்கிறது. கிராஃபைட் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், கருங்கல்லுக்கு நடுவே ஓடும் கிராஃபைட் பட்டை, வரைபடத்தில் களிமண்ணைப் போலவோ உப்புநீரைப் போலவோ காட்சி தரலாம். உள்ளூர் நிலத்தை நடந்து பார்த்த நிலவியலாளரின் கண் இல்லாமல் அந்தப் படத்தை வாசித்தால் ஏமாந்துபோவோம்.

கடினப் பாறைக்குள் விரலளவு விரிசல்களை ஒவ்வொன்றாகக் காட்டும் நுணுக்கமும் இதற்கு இல்லை. சிதைந்த பாறை அடுக்கு எங்கே தடித்திருக்கிறது என்று காட்டும். அதுவே பாறை நிலத்து விவசாயிக்குப் பேருதவிதான். ஆனால் ‘இங்கே போட்டால் தண்ணீர் நிச்சயம்’ என்று விரல் வைத்துக் காட்டாது. மின்கம்பிகளுக்கும் இரும்பு வேலிகளுக்கும் அருகே எடுத்த அளவுகளைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். கருவி தொங்கும் ஹெலிகாப்டர் வீடுகளுக்கு மேல் பறக்கக் கூடாது என்பதால், காரைக்குடி, தேவகோட்டை நகரங்களுக்கு நடுவே தரைவழி ஆய்வுதான் செய்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வானிலிருந்து எடுத்த படத்தைச் சரிபார்க்க ஆய்வுக் கிணறுகளின் அடுக்குப் பதிவுகள் கட்டாயம் தேவை. ரிக் வண்டிக்காரரின் அறிவு இங்கேதான் மறுபடி வந்து சேர்கிறது. இனிப் போடும் ஒவ்வொரு போரின் அடுக்கு விவரத்தையும் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கி, பொய்த்த போரையும் அதே கவனத்துடன் குறித்து வைத்தால், அந்தப் பதிவுகளே ஹெலிகாப்டர் படத்துக்கு உரைகல்லாகும்.

வரைபடம் யார் கையில்?

இந்த ஆய்வைப் பற்றி நியாயமான ஓர் அச்சம் எழலாம். நல்ல நீர் எங்கே இருக்கிறது என்று வரைபடம் காட்டிவிட்டால், பணமும் பலமும் உள்ளவர்கள் அங்கே நிலத்தை வளைத்து, ஆழமாகத் துளைத்து, லாரியிலும் பாட்டிலிலும் ஏற்றி விற்க மாட்டார்களா? இந்த அச்சம் பொய்யானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென 2003-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த வெற்றிடம் இன்னும் நம்மை உறுத்துகிறது.

ஆனால் அச்சத்துக்கு மருந்து வரைபடத்தை மறைத்து வைப்பது ஆகாது. மறைத்து வைத்த வரைபடம் செல்வாக்கு உள்ளவர் கைக்கு எப்படியும் போய்ச் சேரும். ஊர்மக்களுக்கு மட்டும்தான் அது எட்டாது. டென்மார்க்கில் இந்த ஆய்வுத் தரவுகள் தேசியத் தரவுத்தளத்தில் பொதுவில் இருக்கின்றன. அந்தப் பணிக்கான பணமும் நீர்க் கட்டணத்தோடு மக்களிடம் வசூலித்த சிறு தொகையிலிருந்து வந்தது. கலிபோர்னியா 2014-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்து, 2021 முதல் மாநிலத்தின் முக்கியமான நீர்ப்படுகைகள் மேல் ஹெலிகாப்டர் பறக்கவிட்டு, அளவுகளையும் படங்களையும் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. சட்டமும் வரைபடமும் அங்கே கைகோத்து வந்தன. இந்தியாவும் 2021 பிப்ரவரியில் வரைபடங்கள், புவியியல் தரவுகள் மீதிருந்த பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. தரையின் வரைபடம் திறந்துவிடப்பட்ட நாட்டில், தரைக்கு அடியின் வரைபடம் மட்டும் கோப்புக்குள் பூட்டிக் கிடக்க நியாயம் இல்லை.

வெளியிடுவது என்றால் ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கையை இணையதளத்தில் ஏற்றிவிடுவதோடு முடிந்துவிடாது. ஊராட்சி வாரியாக, தமிழில், கிராம சபையில் விரித்துப் பேசக்கூடிய தாளாக அது இருக்க வேண்டும். பாறை எத்தனை அடியில், மணற்கல் எவ்வளவு தடிமன், நீர் இறங்கும் இடம் எது, எந்த ஆழத்துக்குக் கீழே தோண்டினால் உப்பு என்று சாதாரண மனிதருக்குப் புரியும் வண்ணங்களில் இருக்க வேண்டும். அதைப் படித்துச் சொல்ல உள்ளூரிலேயே ஆள் வேண்டும். அதற்கான மண் செட்டிநாட்டில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஹைதராபாத் புவி இயற்பியல் நிறுவனம் சேர்ந்திருக்கும் அதே தேசிய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்தது. அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற கையோடு அறிவியலுக்குக் கொடை கொடுத்த ஊர், தன் காலடி நிலத்தை அறிவியலால் அறிந்துகொள்ளும் உரிமையைக் கேட்டுப் பெறலாம்.

ஊருணிக்கு வரும் பயன்

வரைபடம் கிணறு தோண்டுவதற்கு மட்டும் என்று நினைத்தால் அதன் பாதிப் பயனை இழந்துவிடுவோம். செட்டிநாட்டின் பெருமை ஆயிரம் ஜன்னல் வீடுகளில் மட்டும் இல்லை. ஊருக்கு ஊர் வெட்டி வைத்த ஊருணிகளிலும் இருக்கிறது. குடிநீருக்கு ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய், கோயிலுக்குத் தெப்பக்குளம் என்று முன்னோர் பிரித்து வைத்தார்கள். செம்புறாங்கல் படிகளும், மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால்களும், வீட்டு ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்து அண்டாவுக்கு இறங்கும் மழைநீரும் தண்ணீரை அருமையாக நினைத்த ஒரு சமூகத்தின் அடையாளங்கள்.

அந்த ஊருணிகளையும் கண்மாய்களையும் தூர்வார இன்று நிறையப் பணம் செலவாகிறது. ஆனால் எல்லா நீர்நிலையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அடியில் களிமண் இருந்தால் நீர் தேங்கி நிற்கும். அங்கே ஆழமாகத் தோண்டிக் களிமண்ணைக் கிழித்துவிட்டால் ஊருணி நீர் நிற்காத குழியாகிவிடும். அடியில் மணற்கல் நேராக இருந்தால் நீர் இறங்கி நீர்த்தாங்கியை நிரப்பும். அங்கே தூர்வாருவதால் சுற்றுவட்டாரக் கிணறுகள் எல்லாம் பயன்பெறும். எது தேக்கும் குளம், எது நிரப்பும் குளம் என்று பிரித்துச் சொல்ல, ஹெலிகாப்டர் வரைபடத்தோடு தரையில் இழுத்துச் செல்லும் சிறு மின்காந்தக் கருவியும் உதவும். ஆர்ஹூஸ் பல்கலைக்கழகமே உருவாக்கியது அது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனால் எழுபது மீட்டர் ஆழம்வரை படம் எடுக்கும். கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய்க்குள் அதை ஓட்ட எந்தத் தடையும் இல்லை. இந்தப் பாகுபாடு தெரிந்தால், தூர்வாரும் பணத்தை எந்தக் கண்மாயில் முதலில் செலவிடுவது என்பது செல்வாக்கால் முடிவாகாமல் நிலத்தின் தன்மையால் முடிவாகும். மழை இறங்க வேண்டிய மேட்டு நிலத்தில் தைலமரம் நடலாமா என்று நெடுநாளாக நடக்கும் வாதத்துக்கும் ஆதாரம் கிடைக்கும்.

செலவும் செய்ய வேண்டியதும்

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. வடமேற்கு மாநிலங்களில் நடந்த முதல் கட்டத்தின் மதிப்பீட்டை வைத்துக் கணக்கிட்டால் ஒரு சதுர கி.மீ.க்கு ஏறத்தாழ 5,400 ரூபாய். சிவகங்கை மாவட்டத்தின் பரப்பு 4,189 சதுர கி.மீ.; அந்த விகிதத்தில் சுமார் இரண்டேகால் கோடி ரூபாய். கிராம அளவுக்குத் துல்லியம் வேண்டுமென்றால் கோடுகளை மிக நெருக்கிப் பறக்க வேண்டும்; விலையும் ஏறியிருக்கும். பத்து மடங்கு ஆகிறது என்றே வைத்துக்கொண்டாலும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கோடிதான். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 616 கோடி ரூபாய் செலவானது. அந்தத் திட்டம் தேவையானதே. ஆனால் வெகுதொலைவில் ஓடும் ஆற்றிலிருந்து நீர் கொண்டுவர அவ்வளவு செலவிடும் அரசு, காலடியில் இருக்கும் நீரை அறிந்துகொள்ள அதில் ஒரு சிறு பங்கைச் செலவிடத் தயங்கக்கூடாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறை, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடும் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்து, குன்றக்குடி முதல் தேவகோட்டை வரையிலான பாறை-படிவு எல்லைப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றும் ஈரமும் ஒத்துழைக்கும் மாதங்களில் பறக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட செட்டிநாடு விமான ஓடுதளம் சும்மாதான் கிடக்கிறது, ஹெலிகாப்டருக்குத் தங்குமிடமாக அதைப் பயன்படுத்தலாம். பறப்பதற்கு முன்பே ஊராட்சிகளில் விளக்கிச் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே வளையத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹெலிகாப்டர் வந்தால், கனிமத்துக்காக நிலத்தைப் பறிக்க வருகிறார்களோ என்று மக்கள் அஞ்சுவது இயல்பு. ஆய்வோடு சேர்த்து ரிக் வண்டிகளின் அடுக்குப் பதிவுகளைக் கட்டாயமாக்க வேண்டும். முடிவுகளைத் தமிழில் பொதுவில் வைக்க வேண்டும். நிலத்தடி நீருக்கு உயிருள்ள ஒரு சட்டத்தை இந்த வரைபடத்தின் அடிப்படையில் இயற்ற வேண்டும்.

மக்களும் சும்மா இருந்துவிடக் கூடாது. அடுத்த கிராம சபையில், உங்கள் ஊராட்சியின் நிலத்தடி வரைபடத்தைக் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள். உங்கள் வீட்டில் போட்ட போர் வென்றதோ பொய்த்ததோ, எத்தனை அடியில் என்ன மண் வந்தது என்று நினைவில் இருக்கும்போதே எழுதி ஊராட்சியில் கொடுங்கள். தோண்டுவதற்கு முன் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடிமகனின் உரிமை. அதைக் கேட்டுப் பெறுவதில் காரைக்குடியும் சுற்றுவட்டார ஊர்களும் தமிழ்நாட்டுக்கு முன்மாதிரியாக நிற்கட்டும்.